வரைபடத்தில் காலியாக விட்ட மூலை

அவள் பல் செட் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தாள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து, ஈரக் காகிதத்தில் சுற்றி, பையில் போட்டு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்தால் முன்பின் பார்த்திராத ஒருவருடைய ஈறு கைக்கு வந்துவிடும். அதன்மேல் மெழுகு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கடைசியில் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்குவது அவள் வேலை. சக்கரம் போடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. மூக்கையும் வாயையும் மூடித் துணி வேறு. காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வெளியே வரும்வரை நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். வீட்டில் பேசுகிற வேலையை எல்லாம் அண்ணன் எடுத்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் பார்சல் ஆபீசில் மேற்பார்வையாளர். வாரம் முழுக்க ஊர் ஊராகப் பெட்டிகளை அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கதை நடத்துவான். அவனைத் தவிர மூன்று பேர். ஒருவர் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். இன்னொருவர் கட்டட வேலைகளில் உயரமான கிரேன் ஓட்டுகிற பெண். வயதில் எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் அவரைக் கிரேன் அக்கா என்றே கூப்பிட்டார்கள். மூன்றாவது ஆள் தங்கை.

அவர்கள் விளையாடியது கதை விளையாட்டு. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். கதை நடத்துகிறவர், "ஒரு பாலத்துக்கு வந்திருக்கீங்க, பாலத்து நடுவுல ஒருத்தன் விளக்கோட நிக்கறான், என்ன பண்றீங்க?" என்று கேட்பார். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள பகடை தீர்மானிக்கும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். ஜெயிப்பது தோற்பது என்று எதுவும் இல்லை. கதை போய்க்கொண்டே இருக்கும். மருந்துக்கடைக்காரர் மந்திரவாதி. கிரேன் அக்கா, வாயைத் திறந்தால் மூடாத ஒரு பாட்டுக்காரன். தங்கை பூட்டுத் திறக்கும் திருடி. மேசையில் அவள் பெரும்பாலும் "நான் கதவுகிட்ட நிக்கறேன்" என்பாள், அதற்குமேல் போகமாட்டாள். "ஊர்ல இருக்கறவங்க பேசறதுக்கெல்லாம் பல்லு கட்டிக் குடுக்கற, உனக்குன்னு வாயத் திறக்க மாட்டேங்கறியே" என்று கிரேன் அக்கா சீண்டுவார்.

அண்ணன் நடத்திய உலகம் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. மழைக்காலத்தில் மேட்டை நோக்கி ஏறி ஓடுகிற ஒரு ஆறு, அதன் கரையில் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு ஊர்கள், பயணியின் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் ஓடம் தள்ளும் ஒருத்தி. எல்லாம் அவன் தலைக்குள்ளேயே இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எதையும் எழுதி வைத்ததில்லை. மருந்துக்கடைக்காரர் வரைபடம் வேண்டும் என்று நச்சரித்தபோது, "மேப் போட்டுட்டா அப்புறம் மாத்த முடியாதுப்பா" என்று சிரித்தே மழுப்பிவிட்டான்.

ஒருநாள் ஆபீசில், பார்சலைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆளிடம் அதை எங்கே வைக்கச் சொல்வது என்று வாயெடுத்தவனுக்கு வார்த்தை வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. பெட்டிகளின்மேல் சரிந்துவிட்டான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கால் சீக்கிரமே நேரானது. வலது கை பாதிதான் திரும்பியது. பேச்சு போனது போனதுதான். ஆமா, இல்ல, அது வந்து. இந்த மூன்றும்தான் அவனிடம் மிச்சம். அதிலும் ஆமாவும் இல்லையும் சில நாள் இடம் மாறிவிடும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், வீட்டாரை உட்கார வைத்து விளக்கினாள். அவருக்கு எல்லாம் புரிகிறது, யோசனையும் பழையபடிதான் ஓடுகிறது, வார்த்தையை எடுத்துக் கொடுக்கிற இடம்தான் அடிபட்டிருக்கிறது. அதனால் அவர் முடிப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு முடிக்காதீர்கள், பேசுகிற மனிதர்களோடு அவரை உட்கார வையுங்கள் என்றாள். நண்பர்கள் வந்தார்கள். வந்து, காது கேட்காதவனிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசினார்கள். அண்ணி பொறுத்துப் பார்த்துவிட்டு, அவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது என்று சொன்னாள். அதற்குப் பிறகு அவர்களுக்கு எவ்வளவு சத்தத்தில் பேசுவது என்றே தெரியாமல், வருவது குறைந்துபோனது.

அண்ணிக்கு இந்த விளையாட்டு என்றைக்கும் பிடித்ததில்லை. வளர்ந்த ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய் உட்கார்ந்து பூதத்தோடு சண்டை போடுகிறார்களே என்பாள். அவளே ஒருநாள் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஆனா மேசைய துடைக்கறார். ஒத்தக் கையால நாலு நாற்காலிய இழுத்துப் போடறார். அப்புறம் போய் ஜன்னல்கிட்ட நின்னுக்கறார். எனக்குப் பார்க்க முடியல. நீங்க வந்து உங்க பூதத்தையோ பிசாசையோ கூப்பிடுங்க, நான் ஒண்ணும் சொல்லல."

வருவதாக மூவரும் ஒத்துக்கொண்டார்கள். கதையை யார் நடத்துவது என்பதில் முட்டிக்கொண்டது. மருந்துக்கடைக்காரருக்கு விதிகள் எல்லாம் தலைகீழ்ப் பாடம், ஆனால் திடீரென்று ஒன்றைக் கற்பனை செய்யச் சொன்னால் வியர்த்துவிடும். கிரேன் அக்கா தனக்கு மேலிருந்து பார்க்கத்தான் தெரியும் என்று கைவிரித்தார். இருவரும் தங்கையைப் பார்த்தார்கள். மறுப்பதற்கும் நாலு வார்த்தை பேச வேண்டுமே. அவள் பேசாமல் இருந்தாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணனுடைய உலகத்தையே தொடர்ந்து நடத்தலாம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஓடக்காரி யார் என்பது அவர்களுக்குள் வருஷக்கணக்காக நடந்த வாக்குவாதம். அண்ணன் கடைசிவரை வாயே விடவில்லை. ஒரு சாயங்காலம் அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, அந்த ஓடக்காரி யாரு?" என்று கேட்டாள். அண்ணன் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தான். "அது வந்து" என்றான். மறுபடியும் "அது வந்து" என்றான். இடது கையால் காற்றில் எதையோ காட்டினான். அவளுக்குப் பிடிபடவில்லை. இன்னொரு முறை முயன்றான். பிறகு அந்தக் கையால் மேசையை ஓங்கி அறைந்துவிட்டு, எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அவள் வெகுநேரம் அங்கேயே இருந்தாள். அந்த உலகத்தைப் பற்றி இனிமேல் கேட்டு அவனை வதைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் எழுந்தாள்.

ஆக, வேறு உலகம் வேண்டும். இந்த விளையாட்டுக்கென்றே உலகங்களை அச்சடித்து விற்கிறார்கள். நாடுகள், ராஜாக்கள், சாமிகள், பழைய சண்டைகள், எந்த ஊரில் எந்தச் சத்திரம் என்பதுவரை யாரோ யோசித்து எழுதி, வரைபடமும் போட்டு வைத்திருப்பார்கள். கதை நடத்துகிறவர் அதில் தன் ஆட்களை இறக்கிவிட்டால் போதும். சமைத்து வைத்ததை எடுத்துப் பரிமாறுவதுதானே, அது தன்னால் முடியும் என்று அவளுக்குப் பட்டது.

மருந்துக்கடைக்காரரிடம் அப்படி ஒரு புத்தகம் இருந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். கிரேன் அக்கா அதைச் செங்கல் என்றார். மருந்துக்கடைக்காரர் தன் புத்தகங்களுக்கெல்லாம் கண்ணாடித்தாள் அட்டை போட்டு, ஓரம் மடங்காமல் பார்த்துக்கொள்பவர். அதைக் கொடுக்கும்போதே, பக்கத்தைத் திருப்பும்போது எச்சில் தொடாதே என்று சொல்லித்தான் கொடுத்தார். அவள் தினமும் பட்டறையிலிருந்து வந்து அதைப் படித்தாள். படிக்கப் படிக்க அதில் ராஜாக்கள் முளைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவனுடைய பெயர் மனதில் நிற்பதற்குள் அவன் பேரன் பட்டத்துக்கு வந்துவிட்டான்.

முதல் ஞாயிறு. அண்ணன் முகச்சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல் வாசித்தாள். ஒரு கோட்டைக்கு அவர்களைக் கொண்டு போனாள். கோட்டையின் தலைவன் வரவேற்றான். மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா, இந்தத் தலைவன் இதுக்கு முந்தின சண்டையிலயே செத்துட்டானே."

அவள் பக்கத்தைத் திருப்பித் தேடினாள். ஆமாம், செத்திருந்தான். சரி, அவனுடைய மகன் வரவேற்கிறான் என்றாள். அவனுக்கு மகன் கிடையாது, ஒரே மகள், அவளும் மடத்தில் சேர்ந்துவிட்டாள் என்றார் அவர். கிரேன் அக்காவின் பாட்டுக்காரன், யார் வரவேற்றால் என்ன, உட்கார நாற்காலி கிடைக்குமா என்று கேட்டான். அந்தக் கோட்டையில் நாற்காலி இருக்க வாய்ப்பில்லை, அந்த மக்கள் தரையில்தான் உட்காருவார்கள் என்று மருந்துக்கடைக்காரர் விளக்கினார். இப்படியே மதியம் கழிந்தது. பெயர்மேல் பெயராக விழுந்ததில் அண்ணன் எங்கேயோ தவறிப்போனான். ஒரு கட்டத்தில் அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான்.

வெளியே வந்ததும் வாசலில் மருந்துக்கடைக்காரரோடு சண்டை. அவள் வாழ்க்கையில் போட்ட சண்டைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று. ஒரு வரிகூட என்னைச் சொல்லவிடவில்லையே அண்ணே என்றாள். புத்தகத்தில் இருப்பதைத்தானே சொன்னேன், அது தப்பா என்றார் அவர். "தப்பில்ல. ஆனா அங்க எனக்கு நிக்க இடமே இல்ல" என்றாள். அவர் செங்கலை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் வேலை முடிந்ததும் அவள் பகடைகளும் பொம்மைகளும் விற்கிற கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண் கல்லாவுக்குப் பின்னால் குட்டிப் பூதம் ஒன்றுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். எத்தனை பேர், என்ன மாதிரிக் கதை பிடிக்கும், யார் நடத்துவது என்று கேட்டாள். கடைசிக் கேள்விக்கு "நான்தான்" என்று சொல்லும்போது இவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. விளையாடுகிறவர்களில் ஒருவருக்குப் பேச்சு வராது, நிறையப் பெயர் இருந்தால் குழம்புவார் என்பதையும் சொன்னாள்.

கடைக்காரி தூரிகையைக் கீழே வைத்தாள். "படிக்க நல்லா இருக்கற புக் வேற, நடத்த நல்லா இருக்கற புக் வேற. நீங்க பாதி கடைய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாலும் உட்கார்ந்து நடத்தினாத்தான் தெரியும். ரெண்டு தரேன். பார்த்துட்டு ஒண்ண திருப்பிக் குடுங்க."

ஒன்று தீவுகளைப் பற்றியது. நீலக் கடல், படகு, பேசும் ஆமை. பெயர்கள் குறைவு, படங்கள் அதிகம். அவளுக்குப் பார்த்ததுமே பிடித்தது. மற்றது கறுப்பு அட்டை போட்ட ஒல்லிப் புத்தகம். மலைகளுக்கு நடுவே ஒரே ஒரு நகரம், அதைச் சுற்றியுள்ள கொஞ்சம் நிலம், அவ்வளவுதான் மொத்த உலகமும். பஸ்ஸில் அதைப் புரட்டியவள் நடுவில் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். அந்த நகரத்தின் காவலர்கள் வேலையில் சேரும்போது தங்கள் பேச்சைக் கோயிலில் கொடுத்துவிட்டுத்தான் சேர வேண்டுமாம். வாயில் கைவைத்து நிற்கும் ஒரு காவலனின் படம் முழுப் பக்கத்துக்கு இருந்தது. அவள் புத்தகத்தை மூடிப் பையின் அடியில் தள்ளி, மேலே தீவுப் புத்தகத்தை வைத்தாள்.

அன்று அண்ணன் வீட்டில் தீவுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். அவன் பேசும் ஆமையைப் பார்த்தான். மரியாதைக்குத் தலையாட்டினான். அவள் சமையலறையில் அண்ணியோடு பேசிவிட்டுத் திரும்பி வந்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் கறுப்புப் புத்தகம் இல்லை.

மறுநாள் அண்ணி போன் செய்தாள். "அந்தக் கறுப்பு புக்க என்னன்னு குடுத்த? சாப்பிடறப்பகூட பக்கத்துல வெச்சுக்கறார். வாங்கி வைக்கலாம்னு போனா கைய தட்டி விடறார்."

அவளுக்குப் பகீரென்றது. வேலையில் அன்று மனம் ஒட்டவில்லை. மெழுகில் ஒரு கோரைப்பல்லைத் தலைகீழாக நட்டுவிட்டு, பட்டறைக்காரர் தூக்கிக் காட்டிய பிறகுதான் கவனித்தாள். பேச்சைக் கொடுத்துவிட்ட காவலனின் படத்தை அண்ணன் பார்த்துக்கொண்டே இருக்கிறான், தன்னைப் பற்றித்தான் தங்கை இதைக் கொண்டுவந்தாள் என்று நினைத்திருப்பான், ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்தால் இன்னும் மோசம். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

அண்ணன் மேசையில் இருந்தான். புத்தகம் திறந்திருந்தது. அவள் உட்காருவதற்குள் அதை அவள் பக்கம் தள்ளினான். காவலனின் பக்கம் இல்லை. கடைசியில் மடித்துச் சேர்த்திருந்த வரைபடம். நகரம், மலைகள், கணவாய், ஒரு காடு. வடகிழக்கு மூலையில் மட்டும் ஒன்றுமே வரையவில்லை; வெள்ளையாக விட்டிருந்தார்கள். அதன் கீழே சின்ன எழுத்தில், இந்தப் பகுதியைப் பற்றி நாங்கள் எதுவும் எழுதப்போவதில்லை, இது கதை நடத்துகிறவருக்கு என்று போட்டிருந்தது.

அண்ணன் அந்த வெள்ளை மூலையில் விரலை வைத்துத் தட்டினான். பிறகு தன் மார்பில் தட்டினான். பிறகு மறுபடியும் மூலையில்.

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. முந்திக்கொண்டு எதையும் சொல்லாமல் காத்திருந்தாள். அவன் பென்சிலை இடது கையில் எடுத்து, கோணல்மாணலாக ஒரு கோடு இழுத்தான். கோடு மலைப்பக்கம் மேலே ஏறியது. அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வட்டம் போட்டான். அந்த இரண்டு வட்டங்களுக்கும் நடுவில் பென்சிலால் குறுக்கே அடித்தான், பேச்சுவார்த்தை இல்லை என்பதுபோல.

"ஆறா அண்ணா?" என்றாள். "நம்ம ஆறு?"

"இல்ல" என்றான் அண்ணன், பலமாகத் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே. பிறகு தானே சிரித்துவிட்டு, "ஆமா, ஆமா" என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காவலனின் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, இதைப் பார்த்தாயா, இது பரவாயில்லையா என்று கேட்டாள். அண்ணன் படத்தை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவு பெரிய மீசை வைத்த ஆளிடம் தனக்கு என்ன வேலை என்பதுபோல் உதட்டைப் பிதுக்கிவிட்டு, வரைபடத்துக்குத் திரும்பினான். இத்தனை கவலையும் வீணுக்குத்தான் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு வேலை முடிந்து தினமும் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் வரைவான், அவள் கேட்பாள், தலை ஆடுவதையும் கை போகிற போக்கையும் வைத்து முடிவு செய்வார்கள். ஆற்றுக்கு எங்கே வளைவு, எந்த ஊர் எந்தக் கரை, கணவாயிலிருந்து வண்டி வருமா நடந்துதான் வர வேண்டுமா. பேச்சுப் பயிற்சிப் பெண் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, தான் கொண்டுவந்த ஆப்பிள், குடை, பூனைப் படங்களைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அன்றைய பயிற்சி முழுக்க "ஆறு" என்ற சொல்லோடு போனது. நாலைந்து நாளில் அந்தச் சொல் வந்தது. கொஞ்சம் குழறலாக, ஆனால் அவனாகவே சொன்னான். ஓடக்காரியைப் பற்றி மட்டும் அவள் கேட்கவில்லை, அவனும் காட்டவில்லை.

தீவுப் புத்தகம் கடைக்குத் திரும்பியது. கறுப்புப் புத்தகத்தை எல்லோருமாகச் சேர்ந்து வாங்கினார்கள். மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட அவளே கடைக்குப் போனாள். இந்தப் புத்தகத்தை நீங்கள் படிக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டாள். அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, ஒரு பக்கம்கூடவா என்று கேட்டார். அட்டையைக்கூடத் தொடக்கூடாது என்றாள். சரி என்றார், பத்தியம் சொல்லப்பட்ட நோயாளி மாதிரி.

எல்லோரும் புதிதாக வேஷம் எடுக்க வேண்டும்; மருந்துக்கடைக்காரர் மட்டும் மறுபடியும் ஒரு மந்திரவாதியையே எடுத்தார். அண்ணன் அந்த மௌனக் காவலர்களில் ஒருவனாக இருந்தால் வசதி, பேசவே வேண்டியிருக்காது என்று கிரேன் அக்கா யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அண்ணன் முகம் சுளித்தான். அந்த நகரத்து ஆட்களின் படங்கள் இருந்த பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, ஒரு படத்தில் விரலை ஊன்றினான். சந்தையில் ஏலம் விடுகிறவன். வாயைப் பிளந்துகொண்டு, இரண்டு கையையும் விரித்து, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திக்கொண்டிருந்தான்.

கிரேன் அக்கா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற அண்ணிதான் பேசினாள். "சரிதான். இந்த வீட்டுல அவர் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்றாள்.

அந்த ஞாயிறு அவர்கள் நகரத்துச் சந்தையில் தொடங்கினார்கள். அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. கணவாய் அடைத்துக்கொண்டதால் சந்தைக்கு உப்பு வரவில்லை, கூட்டம் கொதித்துப் போயிருக்கிறது, கல் எறியப்போகிறார்கள் என்று சொல்லி, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். கிரேன் அக்கா எடுத்திருந்த கொல்லன் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். கல் தொடர்ந்து வந்தது. அப்போது அண்ணன் எழுந்து நின்றான். இடது கையை உயர்த்தி, மேசையில் பலமாக ஒரு அடி. பகடையை உருட்டினான். இருபதில் பத்தொன்பது விழுந்தது.

இனி அவள்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஏலக்காரன் கூட்டத்தை அமைதியாக இருக்கச் சொல்கிறான் என்றாள். அண்ணன் இல்லை என்று தலையசைத்தான். உப்பு நாளைக்கு வந்துவிடும் என்று சொல்கிறான் என்றாள். இல்லை. அவன் கை கூட்டத்தை நோக்கி நீண்டு, பிறகு மலைப்பக்கம் திரும்பி, மறுபடியும் கூட்டத்துக்கு வந்தது. முகத்தில் அந்தப் பழைய குறும்பு. அவள் எழுந்து நின்றாள். தனக்குள் இருந்ததே தெரியாத ஒரு குரலில் சொன்னாள்:

"ஏலம்! ஏலம்! கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கற மொத்த உப்பும் ஏலம்! எடுக்கறவன் நடந்து போய் எடுத்துக்கலாம்! யாரு வர்றீங்க?"

அண்ணன் இரண்டு கையையும் விரித்தான். வலது கை பாதிவரைதான் வந்தது. "ஆமா" என்றான்.

கிரேன் அக்கா சிரித்த சிரிப்பில் தேநீர் கவிழ்ந்தது. கூட்டம் கல்லைக் கீழே போட்டது. அவர்கள் கணவாயை நோக்கிக் கிளம்பினார்கள்.

பட்டறையில் அந்த வாரம், வளைந்த அச்சை மறுபடியும் அனுப்பிய ஒரு பல் டாக்டரிடம் அவள் தானாகவே போனில் பேசி, இது வாய்க்குப் பொருந்தாது, புதிதாக எடுத்து அனுப்புங்கள் என்றாள். பட்டறைக்காரர் சக்கரத்தை நிறுத்திவிட்டு, யார் பேசுவது என்று பார்த்தார்.

விளையாட்டு வருஷக்கணக்கில் நடந்தது. அண்ணனுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. முழுப் பேச்சு வரவில்லை, வராது என்றும் சொல்லிவிட்டார்கள். மீண்டும் வேலைக்குப் போக முடியவில்லை. சில ஞாயிறுகளில் களைத்துப்போய்ப் பாதியில் எழுந்துவிடுவான். சில நாள் அவன் சொல்ல நினைத்தது கடைசிவரை யாருக்கும் விளங்காமல் போகும்; அன்றைக்கு எல்லோருக்கும் மனம் கனத்துவிடும். மருந்துக்கடைக்காரர் தன் வாக்கைக் காப்பாற்றினார். எதிரில் வருவது என்னவென்று தெரியாமல் நடப்பது இவ்வளவு பயமாக இருக்கும் என்று தனக்குத் தெரியவே தெரியாது என்று ஒருமுறை ஒப்புக்கொண்டார்.

அவரே ஒரு ஞாயிறு முகம் வெளிறிப்போய் வந்தார். கையில் அதே கறுப்புப் புத்தகம், ஆனால் தடிமனாக. புதிய பதிப்பு. கடையில் பார்த்ததும் வாங்கிவிட்டாராம், அட்டைகூடப் போட்டாகிவிட்டது. வரைபடத்தை மட்டும்தான் பார்த்தேன் என்று சத்தியம் செய்தார். அதை மேசையில் விரித்தார். வடகிழக்கு மூலையில் வெள்ளை இல்லை. அங்கே ஒரு பாலைவனம் வந்திருந்தது. பாலைவனத்துக்கு நடுவே ஏதோ பாம்பு அரசர்களின் கோட்டை.

"இதுதான் இப்ப அதிகாரபூர்வம்" என்றார் தயங்கித் தயங்கி.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் பாலைவனத்தை உற்றுப் பார்த்தான். பாம்புக் கோட்டையை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு எதற்கோ கையை நீட்டினான். என்ன வேண்டும் என்று தங்கைக்கும் கிரேன் அக்காவுக்கும் புரியவில்லை. மருந்துக்கடைக்காரருக்குத்தான் முதலில் புரிந்தது. சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவரே அண்ணனின் இடது கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணன் மடிப்புக் கலையாத அந்தப் புதிய வரைபடத்தின்மேல், பாலைவனத்தின் குறுக்கே, மேட்டை நோக்கி ஒரு கோடு இழுத்தான். பாம்புக் கோட்டையை மட்டும் அடிக்காமல் விட்டான். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, தங்கையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

"வெச்சுக்கலாம்ங்கற?" என்றாள் அவள்.

"ஆமா."

மருந்துக்கடைக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, மை காய்ந்துவிட்டதா என்று பார்த்தார். கிரேன் அக்கா பகடைகளை எடுத்துப் பங்கு வைத்தார். தங்கை புதிய புத்தகத்தை மூடி நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு, போன வாரம் அவர்களை விட்ட இடத்தை நினைவுபடுத்தினாள். ஆற்றங்கரை, மழை, எதிர்க்கரையில் புகை. யார் முதலில் இறங்குவது என்று கேட்டாள். கொல்லன் தான் இறங்குவதாகச் சொன்னான். மந்திரவாதி ஆழம் பார்த்துவிட்டு இறங்கலாம் என்றான். அதற்குள் ஏலக்காரன் முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.